ஜிம்னாஸ்டிக்ஸ் கோச்சிங்ல வீடியோவும் ஆப்பும் உண்மையிலேயே உதவுதா, என்ன வாங்கலாம்?

முதல்ல நீங்க கேட்டத என் பாஷைல ஒருதடவ சொல்லிக்கிறேன். சின்ன கிளப், ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ் (தரை, வால்ட், பீம், பார்ஸ் மாதிரி கருவிகள்ல பண்றது), பத்து பன்னெண்டு பசங்க, கையில ஒரு போனும் ஒரு டேப்லெட்டும் இருக்கு, இதுக்கு மேல மோஷன் சென்சார், ஏஐ ஆப்னு ஏதாவது வாங்கணுமா, எந்த ஆப் பெஸ்ட்டுன்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசில போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, "தினமும் வீடியோ எடுத்து காட்டிட்டுதான் இருக்கேன், பசங்ககிட்ட பெருசா மாற்றம் ஒண்ணும் தெரியல"ன்னு, எனக்கென்னவோ அதுதான் உண்மையான கேள்வின்னு படுது. அதுக்கு பதில் கிடைச்சிட்டா ஆப் விஷயம் தானா முடிஞ்சிரும். நான் ரொம்ப வருஷமா ஆர்ட்டிஸ்டிக் பக்கம் கோச்சிங் பண்றேன், சின்ன லெவல் போட்டிகள்ல ஜட்ஜ் சீட்லயும் உட்கார்ந்திருக்கேன், அந்த அனுபவத்த வச்சு சொல்றேன். ரிதமிக் (ரிப்பன், பந்து, வளையம் வச்சு பண்றது) எல்லாம் வேற உலகம், அங்க இதை அப்படியே தூக்கிட்டு போகாதீங்க.

சந்தேகமே இல்லாத விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். டம்ப்ளிங்ல (தரையில வரிசையா போடற குட்டிக்கரணம்) கடைசி டேக் ஆஃப்ல, அதாவது தரைய விட்டு எழும்பும்போது, கால் தரையில இருக்கறது தோராயமா 0.1 விநாடி, வால்ட்ல (ஓடி வந்து மேசை மாதிரி கருவிய தாண்டறது) ஸ்ப்ரிங்போர்டுல கால் இருக்கறதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். எவ்ளோ பெரிய கோச்சா இருந்தாலும் அந்த நேரத்துல முட்டி எங்க இருந்துச்சு, தலை எப்ப பின்னாடி போச்சுன்னு கண்ணால பாக்க முடியாது, பாத்த மாதிரி தோணும், அவ்ளோதான். நமக்கு இவ எப்பவும் தலைய தூக்கிருவான்னு ஏற்கெனவே ஒரு முடிவு இருக்கும், மூளை அந்த இடத்த அதை வச்சு நிரப்பிக்கும். சாதாரண வீடியோ விநாடிக்கு 30 ஃப்ரேம், அதாவது ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவுல 33 மில்லி விநாடி, அப்போ அந்த டேக் ஆஃப் முழுசுக்கும் உங்களுக்கு கிடைக்கறது மூணு படம். 240 ஃப்ரேம்ல எடுத்தா இருபத்திச் சொச்சம் படம். ஸ்லோ மோஷன் இருக்கற எந்த போனும் இந்த வேலைய செஞ்சிரும். வீடியோவோட நிச்சயமான பலன்னு நான் அடிச்சு சொல்றது இது ஒண்ணுதான், கோச்சோட கண்ணுக்கு எட்டாததை எட்ட வைக்கும். பையன் கத்துப்பானாங்கறது அடுத்த கேள்வி, அதுக்கு பின்னாடி வரேன்.

எடுக்கற விதத்துலயே பாதி வீடியோ வீணாப் போகுது, அதையும் சொல்லிடறேன். ஃப்ரேம் எண்ணிக்கைய ஏத்த ஏத்த ஒரு ஃப்ரேமுக்கு கிடைக்கற வெளிச்சம் குறையும், ஹால்ல லைட் மங்கலா இருந்தா படம் இருட்டாவும் புள்ளி புள்ளியாவும் வரும், இல்லன்னா போன் தானாவே ஷட்டர அதிக நேரம் திறந்து வச்சு கை காலெல்லாம் மசமசன்னு இழுத்துட்டு போன மாதிரி ஆக்கிரும். சில லைட்டு கரண்ட் ஃப்ரீக்வன்சிக்கு ஏத்த மாதிரி மினுக்கும், 50 ஹெர்ட்ஸ் லைனா இருந்தா விநாடிக்கு 100 தடவ, கண்ணுக்கு தெரியாது ஆனா ஸ்லோ மோஷன்ல டிஸ்கோ மாதிரி தெரியும். ஜன்னல் பக்கம் கேமராவ திருப்பாதீங்க, எக்ஸ்போஷர லாக் பண்ணுங்க, வெளிச்சம் பத்தலன்னா 240 வேணாம், 120 போதும், தெளிவான 120 மங்கலான 240-அ விட எவ்வளவோ மேல். அப்புறம் தூரம். எல்லாரும் கிட்ட போய் நின்னு வைட்ல எடுப்பாங்க, அப்படி எடுத்தா ஓரத்துல இருக்கற உடம்பு வளைஞ்சு தெரியும், கோணமெல்லாம் பொய் சொல்லும். முடிஞ்ச அளவு தள்ளி நின்னு ஜூம் பண்ணுங்க, அசைவு நடக்கற கோட்டுக்கு நேர் பக்கவாட்டுல, இடுப்பு உயரத்துல ட்ரைபாட். பீம்ல (ஒடுக்கமான உத்தரக் கட்டை) மட்டும் பக்கவாட்டு போதாது, பீமோட முனையில இருந்து ஒரு ஆங்கிள் வேணும், ஏன்னா 10 செ.மீ. அகலத்துல இடுப்பு திரும்பி இருக்கறது பக்கத்துல இருந்து தெரியவே தெரியாது. ட்விஸ்ட்டுக்கும் (காத்துல பம்பரம் மாதிரி திரும்பறது) அதே கதைதான்.

இப்ப உங்க "மாற்றம் தெரியல"க்கு வரேன். முக்கால்வாசி கோச்சுங்க வீடியோவுல தப்பு நடக்கற இடத்துல பாஸ் பண்ணி காட்டுவாங்க. அந்த இடத்துல பாத்து ஒரு பிரயோஜனமும் இல்ல, தப்போட வேர் அதுக்கு ரெண்டு மூணு ஸ்டெப் முன்னாடி இருக்கும். ஒரு உதாரணத்த கொஞ்சம் கிட்ட போய் பாப்போம். ஒரு பொண்ணு, ரவுண்ட் ஆஃப் (பக்கவாட்டா கை ஊன்றி ரெண்டு காலும் சேத்து இறங்கறது), ஃபிளிக் (பின்னாடி கை ஊன்றி தாண்டறது), பேக் டக் (முட்டிய மடக்கி காத்துல பின்பக்க குட்டிக்கரணம்) பண்றா. டக் தாழ்வா இருக்கு, இறங்கும்போது நெஞ்சு கீழ, கை தரையில படற அளவுக்கு. எல்லாரும் சொல்றது "இன்னும் உயரமா குதி", "தலைய பின்னாடி போடாத". 240-ல பாத்தா ஆமா, கால் இன்னும் தரையில இருக்கும்போதே முகவாய் மேல போயிருச்சு, கண்ணு கூரைய பாக்குது, கை காது பக்கம் வரவே இல்ல. இங்க நிறுத்தி காட்டினா அவளும் "ஆமா மாஸ்டர்"னு தலையாட்டுவா, அடுத்த டர்ன்லயும் அதையே பண்ணுவா. ஏன்னா அவளுக்கு வேற வழி இல்ல. பின்னாடி ஓட்டுங்க. ஃபிளிக்ல இருந்து கால் இறங்கற ஃப்ரேம்ல நெஞ்சு ஏற்கெனவே முன்னாடி மடிஞ்சு கிடக்கு, அந்த நிலைல இருந்து மேல எழும்ப முடியாது, சுத்தியாகணும், அதனால தலைய வீசி சுத்தறா. இன்னும் பின்னாடி ஓட்டுங்க, ஃபிளிக்ல கை காலுக்கு ரொம்ப பக்கத்துல விழுது, ஃபிளிக் நீளமா போகாம மேல போய் அங்கயே இறங்குது. இன்னும் பின்னாடி, ஃபிளிக்குக்கு உட்காரும்போது முட்டி கால் விரல தாண்டி முன்னாடி போயிருக்கு. இன்னும் பின்னாடி, ரவுண்ட் ஆஃப்ல இருந்து கால் தரையில பட்ட ஃப்ரேம், இடுப்பு காலுக்கு பின்னாடி சாய்ஞ்சு இருக்கணும், இவளுக்கு நேர் மேல இருக்கு, பின்னாடி விழற நிலையே வரல, அதனாலதான் முட்டிய முன்னாடி தள்ளி பின்னாடி போக பாக்கறா. அதுக்கும் முன்னாடி போனா, ஓடி வந்து முதல் கை வைக்கற இடம், முன் காலுக்கு ரொம்ப கிட்ட. ஆக டக்ல தெரிஞ்ச தப்புக்கு மருந்து லஞ்ச்ல, அதாவது கை ஊன்றதுக்கு முன்னாடி முன் கால எடுத்து வைக்கற இடத்துல இருக்கு. தரையில ஒரு சாக்பீஸ் கோடு போட்டு "கை இதுக்கு அந்தப் பக்கம் போகணும்"னு சொன்னா போதும், டக் பத்தி கொஞ்ச நாளைக்கு பேச்சே எடுக்க வேண்டாம்.

இது என் சொந்த தத்துவம் எல்லாம் இல்ல, அடிப்படை பிசிக்ஸ். கால் தரைய விட்ட பிறகு உடம்போட மையம் போற பாதையயும் மாத்த முடியாது, மொத்த சுழற்சி அளவையும் மாத்த முடியாது, உடம்ப சுருக்கி வேகமாவோ நீட்டி மெதுவாவோ சுத்தலாம், அவ்ளோதான் கையில இருக்கு. அதனால காத்துல தெரியற பெரும்பாலான குறைய காத்துல வச்சு திருத்தவே முடியாது. நீங்க எடுத்து வச்சிருக்கற வீடியோவ போய் பாருங்க, பாதிக்கு மேல கடைசி ஸ்கில்லுக்கு கொஞ்சம் முன்னாடிதான் ஆரம்பிச்சிருக்கும். ஓட்டத்துல இருந்து எடுங்க. பார்ஸ்ல (கம்பி) ஹேண்ட்ஸ்டாண்ட் (கையில தலைகீழா நிக்கறது) வரலன்னா அதுக்கு முந்தின கிப்ல (தொங்கற நிலைல இருந்து கம்பிக்கு மேல வர்றது) இருந்து எடுங்க.

அடுத்தது பசங்க கத்துக்கறது. நான் பாத்ததுல ரொம்ப பலன் குடுத்தது விலை கூடின எதுவும் இல்ல, டிலே ஆப்தான். டேப்லெட்ட ட்ரைபாட்ல வச்சிடுவோம், அது எடுக்கறதை இருபது முப்பது விநாடி தாமதமா அதே ஸ்க்ரீன்ல காட்டிட்டே இருக்கும், யாரும் பட்டன் தொட வேண்டாம். பையன் டர்ன் முடிச்சிட்டு, மேட்ட விட்டு இறங்கி நடந்து வந்து ஸ்க்ரீன் முன்னாடி நின்னா அவனோட டர்ன் ஓடும், பாத்துட்டு லைன்ல போய் நிப்பான். தாமதத்த எவ்ளோ வைக்கறதுங்கறது நடக்கற தூரத்த பொறுத்தது, பீமுக்கு கம்மியா போதும், வால்ட்டுக்கு ஓட்டமே 25 மீட்டர் வரைக்கும் இருக்கறதால இன்னும் கொஞ்சம் கூட்டணும், ஓடிப் பாத்து செட் பண்ணிக்கோங்க. இதுல நடக்கற நல்ல விஷயம், கோச் வாய மூடிட்டு இருக்கலாம். நான் வச்சிருக்கற ஒரே விதி, ஸ்க்ரீன பாக்கறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பசங்க சொல்லணும். "கால் நேராத்தான் இருந்துச்சு மாஸ்டர்" அப்படின்னு ஒரு பொண்ணு பீம்ல லீப் (கால விரிச்சு தாண்டறது) முடிச்சு அடிச்சு சொல்லுவா, ஸ்க்ரீன்ல பாத்தா பின் கால் முட்டி நல்லா மடிஞ்சிருக்கும், அவ மூஞ்சில ஒரு திடுக்கிடல் வரும் பாருங்க, அதுக்கு அப்புறம் நான் ஒரு வார்த்தை கூட சொல்லத் தேவையில்ல. உடம்பு உணர்றதுக்கும் உண்மைல நடந்ததுக்கும் இருக்கற இடைவெளிய அவங்களே பாக்கணும். முதல்லயே வீடியோவ காட்டிட்டா அந்த இடைவெளி தெரியாமலே போயிரும், வெறும் வேடிக்கையா ஆயிரும்.

ஆனா இங்க ஒரு எச்சரிக்கை, நீங்க தினமும் காட்டறேன்னு சொன்னதால. மோட்டார் லேர்னிங் (உடம்பு அசைவ எப்படி கத்துக்குதுங்கற) ஆராய்ச்சில 1984-ல இருந்தே பேசப்படற ஒரு கருத்து இருக்கு, கைடன்ஸ் ஹைபாதசிஸ்னு சொல்லுவாங்க, ஒவ்வொரு முயற்சிக்கும் ஃபீட்பேக் குடுத்தா பயிற்சி நேரத்துல நல்லா பண்ணுவாங்க, ஃபீட்பேக்க எடுத்துட்டு சோதிச்சா சரிஞ்சிரும். பின்பக்கத்துல இருக்கற விடைய பாத்துக்கிட்டே கணக்கு போடற பையன் பரீட்சைல முழிப்பானே, அந்த மாதிரி. இது சோதனைக்கூடத்துல சின்னச் சின்ன அசைவுகள்ல நல்லா நிரூபணமான விஷயம். ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி உடம்பு முழுக்க சம்பந்தப்பட்ட சிக்கலான ஸ்கில்லுக்கு இது அப்படியே பொருந்துமாங்கறதுல ஆராய்ச்சி பண்றவங்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல, கஷ்டமான ஸ்கில்லுக்கு ஆரம்பத்துல ஃபீட்பேக் அதிகமாவே தேவைப்படலாம்னு சொல்றவங்களும் இருக்காங்க. அதனால இதை வேதவாக்கா எடுத்துக்காதீங்க. நான் பண்றது, புது ஸ்கில்லுக்கு அடிக்கடி, வந்துட்ட ஸ்கில்லுக்கு மூணு நாலு டர்னுக்கு ஒண்ணு, போட்டி நெருங்கும்போது ரொட்டீன் (போட்டில பண்ற முழு வரிசை) முடிஞ்ச பிறகு மட்டும். போட்டியன்னிக்கு பீம் பக்கத்துல டேப்லெட் இருக்காது இல்லையா. பசங்களே "இத பாக்கணும் மாஸ்டர்"னு கேட்கும்போது காட்டறது நாம திணிக்கறத விட நல்லா வேலை செய்யுது, இதுக்கு ஆராய்ச்சி ஆதரவும் ஓரளவு இருக்கு.

ஒலிம்பிக் வீராங்கனை வீடியோவ பக்கத்துல போட்டு ஒப்பிட்டு காட்டறீங்களான்னு தெரியல, நிறைய பேர் பண்றாங்க, எனக்கு அதுல பெரிய நம்பிக்கை கிடையாது. ஒன்பது வயசு குழந்தையோட தலை அளவு, கால் நீளம், தோள் பலம் எதுவும் அந்த உடம்போட சேராது, ரெண்டு வீடியோவயும் ஒரே நேரத்துல ஓட விட்டா எல்லாமே வித்தியாசமாத்தான் தெரியும், எதை பாக்கறதுன்னு குழந்தைக்கு புரியாது. ஸ்கில்லோட வடிவம் என்னன்னு மொதல்ல தெரிஞ்சுக்க நல்ல மாடல் வேணும், மறுக்கல. அதுக்கு அப்புறம் அதே ஆளோட போன மாசத்து வீடியோ, இல்ல அதே ஆளோட இதுவரைக்கும் வந்ததுலயே நல்ல டர்ன், இதுங்க கூட ஒப்பிடறதுதான் உறைக்குது. தன்னோட நல்ல டர்ன்களை மட்டும் வெட்டி ஒட்டி போட்டிக்கு முன்னாடி பாக்கறது தன்னம்பிக்கைக்கு உதவுதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, பல பேர் செய்றாங்க, என் பசங்களுக்கும் பிடிக்கும், ஆனா ஸ்கோர் அதனால ஏறுச்சுன்னு என்னால சொல்ல முடியாது.

அளக்கறதுக்கு போனே போதுமான்னா, சில விஷயத்துக்கு நல்லாவே போதும். வால்ட் ஓட்டத்துல கடைசி 5 மீட்டரோட ஆரம்பத்துலயும் முடிவுலயும் அடையாளம் வைங்க, ஓடற கோட்டுலயே வைக்கணும், ஓரமா வச்சா கேமரா கோணத்துல தப்பா காட்டும். 60 ஃப்ரேம் வீடியோல அவ இடுப்பு முதல் அடையாளத்த தாண்டினதுல இருந்து ரெண்டாவத தாண்டற வரைக்கும் ஃப்ரேம் எண்ணுங்க. 43 வந்தா 43-அ 60-ஆல வகுத்து 0.72 விநாடி, அப்போ வேகம் விநாடிக்கு சுமார் 7 மீட்டர். எண்றதுல ஒரு ஃப்ரேம் தப்பினா வேகம் விநாடிக்கு 0.16 மீட்டர்தான் மாறும், அதே 30 ஃப்ரேம் வீடியோன்னா 0.3-க்கு மேல மாறும், அதனால 60-க்கு கீழ போகாதீங்க, ஆட்டோ ஃப்ரேம் ரேட்னு ஒரு செட்டிங் இருந்தா அணைச்சிடுங்க, வெளிச்சம் குறைஞ்சா அது சொல்லாம கொள்ளாம ஃப்ரேம குறைச்சிரும். வால்ட் கனவு கண்டுட்டு ஓட்டத்த விட்டுடற பசங்க ரொம்ப பேர், நம்பர காட்டினா நம்புவாங்க. உயரத்துக்கும் இதே மாதிரி கணக்கு உண்டு, தரைய விட்டதுல இருந்து தரைய தொடற வரைக்கும் காத்துல இருந்த நேரத்த எடுத்து, அந்த நேரத்த அதாலயே பெருக்கி, 9.81-ஆல பெருக்கி, 8-ஆல வகுங்க, மீட்டர்ல வரும். 0.8 விநாடின்னா சுமார் 78 செ.மீ., 0.9-ன்னா 99 செ.மீ., அந்த பத்துல ஒரு பங்கு விநாடி எவ்ளோ பெரிய விஷயம்னு பாத்துக்கோங்க. முட்டி மடிச்சு தாழ்வா இறங்கினா நேரம் கூடி உயரமும் கூடின மாதிரி காட்டும், அதனால ஒருத்தரோட இன்னொருத்தர ஒப்பிட வேண்டாம், ஒரே ஆளுக்கு மாசத்துக்கு மாசம் பாக்கறதுக்கு மட்டும் வச்சுக்கோங்க. கோணம் அளக்கறதுல இன்னும் ஜாக்கிரதை. பெண்கள் பார்ஸ்ல காஸ்ட் (கம்பிய பிடிச்சு உடம்ப மேல தூக்கி ஹேண்ட்ஸ்டாண்டுக்கு போறது) நேர் செங்குத்துல இருந்து 10 டிகிரிக்குள்ள வரணும்னு விதி, நீங்க ஸ்க்ரீன்ல கோடு போட்டு அளந்தா கேமரா கொஞ்சம் சாய்ஞ்சிருந்தாலே சில டிகிரி போயிரும், 12-ஆ 9-ஆன்னு சண்டை போட அந்த அளவு லாயக்கில்ல. 30-ல நிக்கற பொண்ணு 15-க்கு வந்தாளாங்கறதுக்கு தாராளமா போதும்.

ஆப்னு கேட்டதுக்கு நேரா சொல்றேன். கம்ப்யூட்டர் இருந்தா கினோவியா, இலவசம், விண்டோஸ்ல ஓடும், ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்தறது, கோணம், ரெண்டு வீடியோ பக்கத்துல பக்கத்துல, நீளம் தெரிஞ்ச பொருள வச்சு அளவ சரிபண்ணிக்கறது எல்லாம் உண்டு, நமக்கு பீம் 5 மீட்டர்னு தெரியும்ங்கறதால அளவுகோல் ஜிம்லயே கிடக்கு. டார்ட்ஃபிஷ் மாதிரி காசு குடுக்கற மென்பொருள் பெரிய டீம்களுக்கு, இப்போதைக்கு உங்களுக்கு தேவைப்படாது. இன்னொரு விஷயம், கோச்சஸ் ஐ-ன்னு ஒரு ஆப் ஜிம்னாஸ்டிக்ஸ் கோச்சுங்க பாதி பேர் வச்சிருந்தாங்க, 2022-ல அத நிறுத்திட்டாங்க. வருஷக்கணக்கா அதுக்குள்ளயே வீடியோ சேத்து வச்சவங்க பட்ட பாடு இருக்கே. எந்த ஆப் எடுத்தாலும் வீடியோ சாதாரண ஃபைலா வெளிய எடுக்க முடியுதான்னு மொதல்ல பாருங்க.

ஏஐ பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், ஏன்னா விளம்பரம் அப்படி. உலகப் போட்டிகள்ல கம்ப்யூட்டர் மார்க் போடறத பாத்துட்டு நம்ம போன்லயும் அது வந்துடுச்சுன்னு நெனைக்கறாங்க. அங்க நடக்கறது வேற. சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனமும் ஃபுஜிட்சுவும் சேர்ந்து பண்ண ஜட்ஜிங் சப்போர்ட் சிஸ்டம், 2019 ஸ்டுட்கார்ட் உலக சாம்பியன்ஷிப்ல பாமல் ஹார்ஸ் (கைப்பிடி வச்ச குதிரை மாதிரி கருவி), ரிங்ஸ் (தொங்கற வளையங்கள்), ஆண் பெண் ரெண்டு வால்ட்டுன்னு நாலு இடத்துல வந்துச்சு, 2023 ஆன்ட்வெர்ப்லதான் பத்து அப்பரட்டஸுக்கும் (கருவிக்கும்) வந்துச்சு. அவ்ளோ பெரிய கம்பெனி, லேசர் சென்சார், பல பக்கத்துல இருந்து பாக்கற கேமரா, ஜிம்னாஸ்டிக்ஸுக்குன்னே சொல்லிக்குடுத்த மென்பொருள், இத்தனையும் வச்சு நாலுல இருந்து பத்துக்கு போக நாலு வருஷம். இதுலயும் அது ஜட்ஜுக்கு உதவிதான், ஸ்கில்ல அடையாளம் காணும், கோணம் சொல்லும், ஏன் அப்படி ஆச்சுன்னு கோச்சுக்கு சொல்ற வேலைய அது பண்ணாது.

போன் ஆப்ல இருக்கறது பெரும்பாலும் போஸ் எஸ்டிமேஷன், ஒரு கேமரா படத்துல தோள், இடுப்பு, முட்டின்னு புள்ளி வைக்கும், கூகுளோட மீடியாபைப்னா 33 புள்ளி. இதுக்கு கத்துக்குடுத்த படமெல்லாம் பெரும்பாலும் நிக்கற, நடக்கற மனுஷங்க, நம்ம பசங்க தலைகீழ, உருண்டையா, கை காலு ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணு மறைஞ்சு போறவங்க. ஹேண்ட்ஸ்டாண்ட்ல நிதானமா நின்னா ஓரளவு சரியா பிடிக்கும். டக்ல போனா வலது கால இடதுன்னு மாத்திரும், ட்விஸ்ட்ல தோள் இருக்கற இடத்துல இடுப்ப வைக்கும், அப்புறம் அதுல இருந்து கணக்கு போட்டு "முட்டி கோணம் 143 டிகிரி"ன்னு ரொம்ப தன்னம்பிக்கையா காட்டும். இது வருஷத்துக்கு வருஷம் முன்னேறிட்டுதான் இருக்கு, நாளைக்கே நல்ல ஒண்ணு வரலாம். இன்னைக்கு நிலைக்கு லீப்ல கால் விரியற அளவு, ஹேண்ட்ஸ்டாண்ட் நேர்கோடு மாதிரி மெதுவான, மறைவு இல்லாத விஷயத்துக்கு ஓகே, டம்ப்ளிங்குக்கு அந்த நம்பர நம்பி ஒரு குழந்தைகிட்ட பேசாதீங்க.

சென்சார்ல எனக்கு ஒரு விஷயத்துக்கு மட்டும் ஆர்வம் உண்டு, லேண்டிங் எண்ணிக்கை. கடினமான டம்ப்ளிங் லேண்டிங்ல கால்ல வர்ற விசை உடல் எடையப் போல பத்து மடங்குக்கு பக்கத்துல போறதா அளந்திருக்காங்க, வளர்ற பசங்களுக்கு மணிக்கட்டு, குதிகால், முட்டிக்கு கீழ வலி வர்றது இந்த விளையாட்டுல சாதாரணம். அதனால வாரத்துக்கு எத்தனை ஹார்ட் லேண்டிங்னு தெரிஞ்சிருக்கறது நல்லது. ஆனா எத்தனைக்கு மேல ஆபத்துன்னு எல்லா குழந்தைக்கும் பொருந்தற ஒரு எல்லைக்கோடு யாருகிட்டயும் கிடையாது, எண்ணுறதுக்கு சென்சாரும் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். கருவி உண்மையிலேயே ஜெயிச்ச இடம் ட்ராம்போலின், காத்துல இருக்கற நேரத்த மெஷின் அளந்து ஸ்கோர்லயே சேத்துட்டாங்க, 2012 லண்டன் ஒலிம்பிக்ல அது இருந்துச்சு. ஏன் ஜெயிச்சுதுன்னா அளக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம், அதுவும் சந்தேகமில்லாத விஷயம்.

போட்டில எடுக்கற வீடியோ பத்தி நீங்க கேட்கல, ஆனா பேரன்ட்ஸ் இதுல வந்து நிப்பாங்க, அதனால சுருக்கமா. அதே லண்டன்ல ஆண்கள் டீம் ஃபைனல்ல ஜப்பான் வீரர் உச்சிமுரா பாமல் ஹார்ஸ் டிஸ்மவுண்ட்ட (கருவிய விட்டு கடைசியா இறங்கறது) ஒழுங்கா முடிக்கலன்னு கணக்குல எடுக்காம விட்டு ஜப்பான் நாலாவதா நின்னுச்சு, ஜப்பான் முறையிட்டு வீடியோ பாத்த பிறகு வெள்ளி ஆச்சு. இத கேட்ட பேரன்ட்ஸ் போன நீட்டிட்டு வருவாங்க. சர்வதேச விதிப்படி முறையீடு டிஃபிகல்ட்டி ஸ்கோருக்கு (ஸ்கில் எவ்ளோ கடினம்ங்கற மார்க்) மட்டும்தான், எக்சிக்யூஷனுக்கு (எவ்ளோ சுத்தமா பண்ணாங்கங்கற மார்க்) கிடையாது, பாக்கறதும் போட்டி நடத்தறவங்க எடுத்த வீடியோவத்தான். உங்க லெவல் போட்டில விதி வேற மாதிரி இருக்கலாம், முன்னாடியே படிச்சிடுங்க. இந்த வீடியோங்கள நான் வேற விதமா பயன்படுத்தறேன், போட்டி முடிஞ்ச வாரம் பசங்களையே ஜட்ஜா உட்கார வச்சு அவங்க ரொட்டீனுக்கே மார்க் கழிக்க சொல்லுவேன். ஜட்ஜ விட அதிகமா கழிப்பாங்க, பாவம்.

கடைசியா, இது எல்லாத்தையும் விட எனக்கு முக்கியமா படறது. சப்போர்ட் பிடிக்கறவர் கையில போன் இருக்கவே கூடாது. ஒரு கையில போன், ஒரு கையில பையனோட இடுப்புன்னு நிக்கற கோச்சுங்கள பாத்திருக்கேன், அது கோச்சிங்கே இல்ல. ட்ரைபாட் இல்லன்னா வீடியோ வேண்டாம். அடுத்து, இவங்க சின்ன பசங்க, லியோடார்ட்ல இருக்கறவங்க. பேரன்ட்ஸ்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க, எதுக்கு எடுக்கறோம், யார் பாப்பாங்க, எப்ப அழிப்போம்னு அதுலயே இருக்கட்டும். சொந்த போன்ல எடுக்காதீங்க, கிளப் டேப்லெட், பூட்டு போட்டு, ஒப்பிட வச்சுக்கறத தவிர மத்ததை வாரம் ஒருதடவ அழிச்சு. கால் விரிக்கற ஸ்கில்லுக்கு பின்னாடி இருந்தும் நேர் முன்னாடி இருந்தும் எடுக்காதீங்க, பக்கவாட்டுலயே வேணுங்கறது கிடைக்கும். டிலே ஆப்ல ஒரு வசதி, எதையும் சேமிக்காமலே ஓட விடலாம். குழந்தை வேண்டாம்னா வேண்டாம், காரணம் கேட்காதீங்க. குறிப்பா பன்னெண்டு பதிமூணு வயசு பொண்ணுங்க ஸ்க்ரீன் முன்னாடி நின்னா ஸ்கில்ல பாக்கறாங்களா, தன் உடம்ப பாத்து சுருங்கறாங்களான்னு கவனிங்க, ரெண்டாவதா இருந்தா அந்தப் பொண்ணுக்கு வீடியோவ நிறுத்திட்டு வாயால சொல்லுங்க, கையால காட்டுங்க. பயத்தால நின்னு போன ஸ்கில்லுக்கும் அதேதான், திரும்பத் திரும்ப தான் நின்னதையே பாக்க வச்சா பயம் கூடத்தான் செய்யும்.

ஆக இப்போதைக்கு ஒரு உறுதியான ட்ரைபாட், ஒரு டிலே ஆப், கினோவியா, இவ்ளோதான். ஒவ்வொரு பிராக்டிஸுக்கும் ஒரு கேள்வியோட போங்க, "இன்னைக்கு கிப்புக்கு முன்னாடி இடுப்பு எங்க இருக்கு" மாதிரி, அதுக்கு பதில் தெரியற ஆங்கிள்ல மட்டும் கேமராவ வைங்க, மத்ததெல்லாம் எடுக்க வேண்டாம். சென்சாரோ ஏஐ ஆப்போ விக்க யாராவது டெமோ காட்ட வந்தா, அவங்க கொண்டு வர்ற வீடியோவ பாக்காதீங்க. உங்க ஹால்ல, உங்க லைட்டுல, உங்க பசங்கள்ல ஒருத்தர ட்விஸ்ட் பண்ணச் சொல்லி, ஆப் புள்ளிகள இணைச்சு போடற எலும்புக்கூடு படத்த ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்தி, வலது கால் கடைசி வரைக்கும் வலது காலாவே இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் விலை கேளுங்க.